புலமைக்கு வேலி வேண்டும்!

தென்காசியை அடுத்த மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர், திருக்குற்றாலக் குறவஞ்சி பாடினார். அதனைக் கேட்டு மகிழ்ந்த மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்கச் சொக்கநாதர் அவர்க்கு நிலம் வழங்கினார். அந்நிலத்திற்குக் ‘குறவஞ்சி மேடு’ என்றே பெயர் வழங்கலாயிற்று. ஒரு நூலின் பெயர் ஒரு நிலத்தின் பெயராய் நின்ற அந்தச் செய்தியைக் குற்றாலத்தார் இன்றும் பெருமையோடு சொல்வர். சொல்லட்டும், பெருமைக்குரிய செய்திதான். ஆனால், அதே செய்தியின் மறுபுறத்தை எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. மன்னன் மகிழ்ந்தான், நிலம் வந்தது. மன்னன் மகிழாதிருந்தால்? பாட்டு அதே பாட்டுத்தான். புலமை அதே புலமைதான். மேட்டு நிலம் மட்டும் வந்திராது.

கொடைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. கொடை என்பது கொடுப்பவன் முகத்தைப் பார்த்து வருவது. உரிமை என்பது பெறுபவன் தகுதியைப் பார்த்து வருவது. கொடை கொடுத்தவனோடு சாகக் கூடியது என்பதைத் தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனே உணர்ந்திருந்தான். 1446-ஆம் ஆண்டில் தொடங்கி எழுப்பிய அக் கோயிலில், தனக்குப் பின் அதனைச் செப்பனிட்டுக் காப்போர் எவராயினும் அவர் அடியில் தான் வீழ்ந்து வணங்குவதாகக் கல்லில் வெட்டி வைத்தான். முடியுடை வேந்தனே தன் கொடை நிலைக்குமோ எனக் கலங்கி, இனிப் பிறக்கப் போகின்றவன் காலில் முன்கூட்டியே விழுந்திருக்கிறான் என்றால், கொடையை நம்பி வாழ்ந்த புலவன் நிலை எத்தகையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தமிழ்ப் புலமை ஈராயிரம் ஆண்டு கொடையிலேயே வாழ்ந்தது. புலவன் வள்ளலைத் தேடி நடந்தான், வாயிலில் காத்திருந்தான், பரிசில் நீட்டித்தபோது நொந்து பாடினான். நிலையான வாழ்வு யார்க்குக் கிடைத்தது? விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 340 மாணாக்கரும் 14 ஆசிரியரும் இருந்த கல்லூரி ஒன்றின் ஏற்பாட்டை அது கூறுகின்றது. ஆசிரியர்க்கு நாள்தோறும் அளக்க வேண்டிய நெல், அதற்கென ஒதுக்கிய நிலம், அனைத்தும் அதில் கணக்காய் உள்ளன. ஆசிரியர்க்குப் பணியுறுதி என்பது மேலை நாட்டார் கண்டுபிடித்த புதுமையன்று. தமிழ் மண்ணில் ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே கல்லில் வெட்டப்பட்டது. ஆனால் அங்குக் கற்பிக்கப்பட்டவை வேதமும், வடமொழி இலக்கணமும், மீமாஞ்சையும், வேதாந்தமும்! தமிழன் உழுத நிலத்து நெல், தமிழ் வேந்தன் ஆணையால், வடமொழி ஆசானுக்கு நிலையான ஊதியமாயிற்று. தமிழாசானுக்கு வள்ளல் வாயில்!

இக் காலத்தில் பல்கலைக் கழகங்கள் எழுந்தன. அவை செய்திருக்க வேண்டிய முதற் பணி, இந்தக் கொடையை உரிமையாய் மாற்றுவதே. சட்ட நூல்களில் அது மாற்றப்பட்டும் உள்ளது. ஒருவர் உதவிப் பேராசிரியராய்ப் பணியேற்றால் ஓராண்டு தகுதிகாண் பருவம். தேவையெனில் மேலும் ஓராண்டு நீட்டலாம். அதற்கு மேல் நீட்டலாகாது. பருவம் நிறைவுற்ற 45 நாள்களுக்குள் பணியுறுதி ஆணை வழங்கியாக வேண்டும். இது பல்கலைக் கழக நல்கைக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. பணியுறுதி பெற்ற பின், ஓய்வகவை வரை அவரை எவரும் வாய்ச்சொல்லால் வெளியேற்ற இயலாது. குற்றம் சாற்ற வேண்டும். அவர் மறுமொழியைக் கேட்க வேண்டும். உசாவல் நடத்த வேண்டும். அதன் பின்னரே தண்டம். அரசுக் கல்லூரி ஆசிரியர்க்கு இந்திய அரசியலமைப்பின் 311-ஆம் உறுப்பு வேலி. பல்கலைக் கழக ஆசிரியர்க்கு அந்தந்தப் பல்கலைக் கழகச் சட்டமும் விதிகளும் வேலி. தனியார் கல்லூரி ஆசிரியர்க்குத் தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 1976. உரிய அதிகாரியின் முன்னிசைவு இல்லாமல் ஆட்சிக்குழு ஓர் ஆசிரியரைப் பணிநீக்கம் செய்தல் கூடாது என்பது அச் சட்டம். குற்றாலநாதர் கோயிலின் சார்பில் 1964-இல் தோன்றிய குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி போன்ற கல்லூரிகளில் ஒரு பெண் தலைநிமிர்ந்து பேராசிரியராய்ப் பணியாற்ற முடிந்தது என்றால், அதற்குப் பின்னால் இத்தகைய சட்டங்களும், அவற்றிற்காகத் தெருவில் நின்று போராடிச் சிறை சென்ற கல்லூரி ஆசிரியர்களின் உழைப்பும் உண்டு. அச் சட்டம் எந்த வள்ளலும் மகிழ்ந்து தந்த மேட்டு நிலமன்று.

இவ் வேலி எதற்கு? ஆசிரியன் வயிறு நிறையவா? அதுவும் வேண்டும், பசித்த வயிற்றோடு எவரும் ஆராயார். ஆனால் அதற்கும் மேற்பட்ட கரணியம் ஒன்று உண்டு. அதைச் சங்கரன்கோயில் சொல்லும்.

இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கிய சங்கரன்கோயிலில் 1902-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் பிறந்தவர் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். சேலம் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை பன்னிரண்டு ஆண்டு தமிழ்ப் பேராசிரியராய் இருந்தார். அங்கு முதல்வராயிருந்த இராமசாமிக் கவுண்டர் அவரை மதித்துக் காத்தார். அங்கும் வேலியாய் நின்றது ஒரு தனி மாந்தரின் பெருந்தன்மையே என்பதைக் குறித்துக் கொள்ள வேண்டும். 1956-இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத் திராவிட மொழி ஆராய்ச்சித் துறைக்கு அழைக்கப்பட்டார். 1929-இல் ஒரு செட்டிநாட்டரசர் கொடையால் எழுந்த பல்கலைக் கழகம் அது. பாவாணரின் சொல்லாய்வு நெறி அங்கிருந்தோர்க்கு ஒவ்வவில்லை. வடமொழியை மூலமாகக் கொண்டு தமிழ்ச் சொல்லை அளந்த காலம் அது. தமிழையே மூலமாகக் கொண்டு அளந்தவர் இவர். 1961-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களோடு அவர் பணி முடிந்தது.

எவரேனும் அவர் எழுதியது பிழை என நிறுவி நூல் எழுதினரா? அவர் காட்டிய வேர்ச்சொற்களை ஒவ்வொன்றாய் எடுத்து மறுத்தனரா? மறுத்து, அவர் மறுமொழியைக் கேட்டனரா? அதற்கெல்லாம் உழைப்பு வேண்டுமே! பணியிடத்தை முடித்துவிட்டால் வழக்கும் முடிந்துவிடும். ‘அகவை ஆகிவிட்டது’ என்று இன்றும் சிலர் சமைத்துக் கூறுவர். பணிக்கு அழைத்தபோதே அவர்க்கு 54 அகவை. அழைத்தவர்க்கு அப்போது எண்ணத் தெரியாதோ?

அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள். ஐம்பத்தொன்பதாம் அகவையிலிருந்து எழுபத்திரண்டாம் அகவை வரை, ஒரு மொழிநூலறிஞனின் முற்றி விளைந்த காலம் அத்தனையும், நிலையான பணியின்றிக் கழிந்தது. 1963-இல் துணைவியாரையும் இழந்தார். காட்டுப்பாடியில் நூல்களுக்கு நடுவே வாழ்ந்த அவர்க்குக் கைகொடுத்தவை தமிழன்பர் அனுப்பிய சிறுசிறு தொகைகளே. சிற்றூர்ப் பள்ளியாசிரியனும், கடை எழுத்தனும் தன் வயிற்றைக் கட்டி அனுப்பிய பணம் அது. அவர்களை வாழ்த்த வேண்டும். ஆயினும் அதுவும் கொடையே! பல்கலைக் கழகம் செய்யத் தவறிய கடமையைத் தெருவில் நின்றவன் தலையில் சுமந்தான் என்பதே அதன் பொருள். 1974 மே 8-ஆம் நாள் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தொடங்கி அவரை இயக்குநராக்கியது. 1981 சனவரியில் மதுரையில், உலகத் தமிழ் மாநாட்டு நாள்களில் அவர் மறைந்தார். அகரமுதலியின் முதற் பகுதி வெளிவந்தது 1985-இல்; முழுவதும் 31 பகுதிகளாய் நிறைவேறியது 2011-இல். 1961-இல் அவரை அவர் மேசையிலேயே விட்டிருந்தால் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் எத்தனை பகுதிகளை அவர் தம் கையாலேயே முடித்திருப்பார்! அந்த இழப்பு ஒரு தனியாளின் இழப்பன்று.

பாவாணர் சொன்னவை அனைத்தும் முடிந்த முடிபு என்பதன்று இங்குள்ள வழக்கு. அவர் முடிபுகளுள் இன்று அறிவுலகம் ஏற்பனவும் உண்டு, மறுப்பனவும் உண்டு. பிழையெனின் நூலால் மறுக்கட்டும், பணிநீக்கத்தால் அன்று. தமிழன்பர் சிலர்க்குக் கசப்பான மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். பாவாணர்க்கு வேண்டிய அதே வேலி, பாவாணரை மறுக்கும் மொழியியலானுக்கும் வேண்டும். தமிழ்ச் சொல் ஒன்றை வடசொல் எனச் சான்று காட்டி ஒருவன் எழுதினால், அவனை வெளியேற்று எனக் கூச்சலிடுவது, 1961-இல் நடந்ததை மறுமுறை நடத்துவதே. தனக்கு வேண்டியவனை மட்டும் காக்கும் வேலி வேலியாகாது.

இதனை அமெரிக்கர் ஒரு கசப்பான நிகழ்ச்சியால் கற்றனர். 1900-ஆம் ஆண்டில் இசுடான்போர்டு பல்கலைக் கழகத்தில் எட்வர்டு இராசு என்னும் பேராசிரியரை, அப் பல்கலைக் கழகத்தை நிறுவிய குடும்பத்துத் தலைவியார் வெளியேறச் செய்தார். இருப்புப்பாதை முதலாளிகளின் பணத்தில் எழுந்த பல்கலைக் கழகத்தில் இருந்துகொண்டே இருப்புப்பாதை முதலாளிகளை அவர் குறை கூறினார். அதுமட்டுமன்று, ஆசியர் அமெரிக்காவில் குடியேறுவதையும் இழிவாய் எதிர்த்துப் பேசினார். அவர் கருத்துள் ஒரு பகுதி வெறுக்கத்தக்கதே. ஆயினும், கொடையாளியின் முகம் சுளித்தால் பேராசிரியன் போக வேண்டுமா என்ற வினாவை அந்நாட்டு அறிஞர் விடவில்லை. உடன் பணியாற்றியோர் சிலர் தம் பணியையே துறந்தனர். 1915-இல் பேராசிரியர் கழகம் கண்டனர்; 1940-இல் கல்லூரிகளின் கூட்டமைப்போடு அமர்ந்து நெறி வகுத்தனர்: தகுதிகாண் காலம் ஏழாண்டுக்கு மேற்படலாகாது; அதன்பின் தக்க கரணியமும் முறையான உசாவலும் இன்றி நீக்கலாகாது. ஆங்கிலேயரோ 1988-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் புதியவர்க்கு அவ்வுரிமையைப் பறித்தனர். வேலி கட்டவும் காலம் பிடிக்கும். பிடுங்க ஒரு சட்டம் போதும்.

தமிழ்நாட்டில் ஒரு சட்டம்கூடத் தேவைப்படவில்லை. ஒரு சொல் போதுமானதாயிற்று. ‘கௌரவ விரிவுரையாளர்’ என்னும் சொல்!

அரசுக் கல்லூரிகளில் நிலையான ஆசிரியர் ஓய்வு பெற்றால் அவ்விடம் நிரப்பப்படுவதில்லை. அங்கு ஒருவரை அமர்த்திக் ‘கௌரவ விரிவுரையாளர்’ எனப் பெயர் சூட்டுவர். முனைவர்ப் பட்டம் பெற்றவர், தகுதித் தேர்வில் வென்றவர், பத்தாண்டு பதினைந்தாண்டு கற்பித்தவர். ஆனால் ஆண்டுக்குப் பதினொரு திங்களுக்கே ஊதியம். மே வந்தால் பணியும் இல்லை, பணமும் இல்லை. நல்கைக் குழு 2019 சனவரியில், ஒரு வகுப்பிற்கு 1,500 உருபாவும் திங்களுக்கு 50,000 உருபா வரையும் அழைப்பு விரிவுரையாளர்க்கு வழங்கலாம் என்றது. தமிழக அரசோ 20,000 கொடுத்து வந்து, பின்னர் 25,000 ஆக்கியது. அதே அறையில், அதே பாடத்தை நடத்தும் நிலையான உதவிப் பேராசிரியர்க்குத் தொடக்க அடிப்படை ஊதியம் மட்டுமே 57,700 உருபா. மற்றைப் படிகள் தனி. இவ்வாறு அமர்த்தப்பட்டவர் தமிழகம் முழுதும் ஏழாயிரவர் அளவினர். ‘கௌரவம்’ என்பது வடசொல். அச் சொல்லைத் தமிழில் பெயர்த்தால் ‘மதிப்பு’ என வரும். பாதி ஊதியத்திற்கு மதிப்பு என்று பெயர் வைப்பது தமிழில் சொன்னால் நகைப்புக்கு இடமாகும் என்றே வடமொழியில் சொன்னார்கள் போலும்!

குற்றாலத்தில் ஆனி, ஆடி, ஆவணி மூன்று திங்களும் சாரற் காலம். அருவிக்குப் போகும் வழியெங்கும் கடைகள் முளைக்கும். பழம் விற்போர், எண்ணெய் தேய்த்து விடுவோர். அக் கடைகளுக்கான இடம் ஏலத்தில் விடப்படும். நீர் வற்றினால் கடையை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது கடைக்காரனுக்குத் தெரியும். சாரல் இயற்கை, அதனை எவனும் குறை சொல்லான். கல்வி சாரலா? சுரண்டைக் காமராசர் அரசு கலைக் கல்லூரியிலோ, கடையநல்லூர் அரசு கலை அறிவியல் கல்லூரியிலோ சேரும் உழவன் மகள் மூன்றாண்டு படிக்க வேண்டும். அவளுக்குத் தொல்காப்பியம் கற்பிப்பவர் அடுத்த ஆண்டு அங்கிருப்பாரா என்பது அவர்க்கே தெரியாது என்றால், அது கல்லூரியா, சாரற் காலக் கடையா?

இவ்வாறு இருத்தப்பட்டவர் எதனை ஆராய்வார்? சொல்லாய்வு ஓராண்டில் முடியும் தொழிலன்று. ஒரு வேர்ச்சொல்லைப் பிடித்துக் கொண்டு பதினைந்து ஆண்டு நடக்க வேண்டும். கல்வெட்டைப் படி எடுக்க ஊர் ஊராய்ச் செல்ல வேண்டும். அடுத்த சூனில் ஆணை வருமோ வராதோ என முதல்வர் முகத்தையும், துறைத்தலைவர் முகத்தையும் பார்த்திருப்பவர், துறைத்தலைவர் எழுதிய உரை தவறு எனக் கூறுவாரா? பாடநூலில் வடசொற்கள் மண்டியுள்ளன என எதிர்ப்பாரா? வாய் திறவார். திறக்க இயலாது. வள்ளல் வாயிலில் நின்ற பழம்புலவனாவது பரிசில் தராதவனை வசைபாடிவிட்டு அடுத்த ஊர்க்கு நடந்தான். இவர்க்கு அந்த வழியும் இல்லை. எல்லா ஊரிலும் வாயில் ஒன்றே.

‘சுயநிதி’ எனப் பெயரிட்டுக் கொண்ட தனியார் கல்லூரிகளைப் பற்றிப் பேசவே வேண்டா. அங்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் ஏட்டில் உறங்குகின்றது. நல்கைக் குழு ஒழுங்குமுறையில், ஒப்பந்த ஆசிரியர் தொகை மொத்த இடங்களில் பத்திலொரு பங்கைத் தாண்டலாகாது என ஒரு வரம்பு இருந்தது. நடுவணரசு 2025 சனவரியில் வெளியிட்ட வரைவு அவ் வரம்பையும் எடுத்துவிட முனைந்தது. துணைவேந்தர் அமர்த்தத்தில் மாநில உரிமை பறிபோகின்றதெனச் சட்டமன்றத்தில் அவ் வரைவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றினர், நன்று. ஆனால் அந்தப் பத்திலொரு பங்கு வரம்பைத் தமிழக அரசு தன் கல்லூரிகளிலேயே என்றோ தாண்டிவிட்டதை எவர் கேட்டார்? தில்லி செய்தால் பறிப்பு, சென்னை செய்தால் சிக்கனமா?

நிலையான ஆசிரியரைத் தேர்வதாக 2019-இல் 2,331 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது, நிறைவேறாமலே போயிற்று. 2024 மார்ச்சில் 4,000 இடங்களுக்கு மீண்டும் வந்தது. அறிவிப்புக்கும் அறிவிப்புக்கும் இடையே ஐந்து அகவை கூடிவிட்ட முனைவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த அமைச்சரும் எண்ணிச் சொல்லவில்லை.

‘நிலையான பணி கொடுத்தால் ஆசிரியன் சோம்பிப் போவான்’ என்பது ஆட்சியாளரும் கல்வி முதலாளிகளும் ஒருங்கே பாடும் பாட்டு. அதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. அதை மறைப்பதால் பயனில்லை. வேலிக்குள் இருந்துகொண்டு வெற்றிலை மென்றோரும் உண்டு. பணியுறுதி பெற்ற நாளோடு நூலை மூடியவர், நாற்பது ஆண்டுக்கு முன் எழுதிய குறிப்பையே மஞ்சளேறிய தாளில் பார்த்துப் படித்தவர், தமிழ்த்துறையில் இருந்துகொண்டே தமிழுக்கு நேர்ந்த எந்த இடர்க்கும் வாய் திறவாதவர், எல்லாத் துறையிலும் இருந்தனர், இருக்கின்றனர். பாவாணர் வெளியேறியபோது வேலிக்குள் இருந்த தமிழ்ப் பேராசிரியருள் பெரும்பாலோர் என்ன செய்தனர்? வாய்மூடி இருந்தனர். அவர்களுக்கு அச்சம் தேவையில்லை, ஆயினும் அஞ்சினர். அவர்கள் மீது சினம் கொள்ள எல்லா உரிமையும் உண்டு. ஆனால், சோம்பியவனைத் தண்டிக்கச் சட்டத்தில் வழி இருக்கின்றது. குற்றம் சாற்றி உசாவி நீக்கலாம். அந்த வழியைக் கையாளாமல் சோம்பலைக் காட்டி அனைவர் வேலியையும் பிடுங்குவது, ஒரு மாடு பயிரை மேய்ந்ததென்று வயலையே தரிசாக்குவதாகும்.

ஆட்சியில் இருப்போர் செய்ய வேண்டியது அரியதன்று. நிரப்பப்படாத இடங்களை ஆண்டுதோறும் குறித்த திங்களில் நிரப்புதல். பல்லாண்டு பணியாற்றித் தகுதியும் பெற்றோர்க்கு அப் பட்டறிவை மதிப்பெண்ணாய்க் கணித்தல். இடைக்காலத்தில் இருப்போர்க்குப் பன்னிரு திங்களும் ஊதியம், நல்கைக் குழு குறித்த அளவில். நீக்குவதாயின் எழுத்தில் கரணியம். தமிழ்த்துறையில் சொல்லாய்வுக்கும் கல்வெட்டாய்வுக்கும் தனி இருக்கைகள். அவற்றில் அமர்வோர்க்கு முடிபு எதுவாயினும் பணியுறுதி. தென்காசி, குற்றாலம் பகுதிக் கல்லூரிகளுக்குத் தலைமையான பல்கலைக் கழகம் 1990-இல் தமிழ்த் தெய்வ வணக்கம் பாடிய மனோன்மணியம் சுந்தரனார் பெயரால் நிறுவப்பட்டது. அவரே திருவனந்தபுரம் கல்லூரியில் மெய்ப்பொருட் பேராசிரியராய் நிலைத்த பணியில் இருந்துதான் 1891-இல் தம் நாடகத்தை வெளியிட்டார்.

ஏப்பிரல் கடைசி நாளில் சுரண்டையிலும் கடையநல்லூரிலும் வருகைப் பதிவேட்டில் இறுதிக் கையெழுத்து இடப்படும். மேயில் ஊதியமில்லை. சூனில் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கும். ஏலம் எடுத்தவன் கடையைத் திறந்துவிடுவான். பாவாணர் நூலைப் பாடம் நடத்தியவர் அன்றும் கல்லூரி அலுவலகத்தில் ஆணைக்குக் காத்து நின்றிருப்பார்.